மீதி வராத எண்

பேய், காற்றுக் கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆம்பூரில் கணக்கு டீச்சராக இருந்தவள். இதை நீங்கள் நம்ப வேண்டாம், வேண்டுமானால் நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. என் கணவரின் தம்பி மோசஸ் எங்களோடுதான் இருந்தான். தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை, கணக்கு என்றாலே ஓடுவான். அந்தக் கோடையில் டைபாய்டு வந்து படுத்தவன், முதல் நாளே கண்ணைத் திறக்காமல், "மூணு, எட்டு, ஒண்ணு, ஆறு, அஞ்சு, நாலு, ஏழு, ரெண்டு, ஒம்பது" என்றான். அன்றைக்கு முழுக்க அதேதான்.

"இன்னாமா இது, நம்பர் நம்பரா பினாத்துறான்?" என்று மாமியார் அழுதார். லாட்டரிச் சீட்டு நம்பராக இருக்கும் என்று அவன் சட்டைப்பையைத் துழாவினேன். ஒன்றும் இல்லை.

மறுநாள் கடைசி ஒன்பதை விட்டுவிட்டான். அதற்கடுத்த நாள் ரெண்டையும் விட்டான். நாளுக்கு ஒரு இலக்கமாக எண் தேய்ந்துகொண்டே வந்தது, எனக்குச் சந்தேகம் கணவர் மேல்தான் போனது.

"என்னைக் கிண்டல் பண்ண நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"உனக்கு இன்னா பைத்தியமா? அவனே சாகக் கிடக்கிறான்."

சமையல் செய்துகொண்டே மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு இலக்கமும் ஒரே ஒருமுறை. ஒன்பது இலக்கத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி இல்லை. மிச்சமிருந்த எட்டு இலக்கத்தை எட்டால் வகுத்தாலும் இல்லை, ஏழு இலக்கத்தை ஏழால் வகுத்தாலும் இல்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வகுத்தேன், ஒருநாளும் மீதி வரவில்லை.

"நம்பர் தீந்துட்டா எம் புள்ளயும் போய்டுவான்" என்று மாமியார் ஜெபத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூணு மட்டும் மிஞ்சிய நாள், நல்ல பகல் வெளிச்சத்தில் கஞ்சியோடு உள்ளே போனேன். "மூணு" என்றான். பிறகு கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான்.

"வகுத்துப் பாத்துக்கினே இருக்கீங்க இல்ல அண்ணி? இதையும் பாத்துடுங்க."

குரல் அவனுடையதுதான். கஞ்சிக் கிண்ணம் கையிலிருந்து விழுந்தது. அன்று மாலையே காய்ச்சல் விட்டுவிட்டது. எழுந்தவனுக்கு எதுவுமே நினைவில்லை. அவன் நடிக்கிறான் என்றுதான் ரொம்ப நாள் அவனைக் கண்காணித்தேன்.

ஒன்று முதல் ஒன்பது வரை எப்படி மாற்றிப் போட்டாலும் இப்படி வகுபடும் எண் இது ஒன்றுதானாம். பல வருஷம் கழித்து, கம்ப்யூட்டர் படித்த என் பழைய மாணவன் ஒருவன் பார்த்துச் சொன்னான். "கடைசியில ஒரு பூஜ்யம் சேர்த்தா பத்தாலயும் வகுபடும் டீச்சர்" என்றான் சாதாரணமாக.

அப்படியானால் எண் பத்து இலக்கமாகத் தொடங்கியது, அவன் படுத்ததற்கு ஒரு நாள் முன்னால். அன்று மோசஸ் வேலையில் இருந்தான். கூட வேலை செய்தவரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"அன்னிக்கா? குனிஞ்சு தொட்டியைப் பாத்து நம்பர் சொல்லிக்கினே இருந்தாம்மா. நடுநடுவே நிறுத்தி, யாரோ சொல்றதைக் கேக்கிற மாதிரி தலையாட்டினான்."