மகளுக்கு எழுதிய கடிதம்

அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் இடத்தில் மூன்றாவது ஜன்னல் அவளுடையது. இருபத்தொன்பது வருஷமாக அங்கேதான் நிற்கிறாள். டாக்டர்கள் சீட்டில் கிறுக்குவதை அந்த டாக்டர்களாலேயே திரும்பப் படிக்க முடியாது, இவள் படித்துவிடுவாள். மற்ற ஜன்னல்காரர்கள் சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எழுத்தா, கோழி கிளறினதா?" என்று நீட்டுவார்கள். ஒரு பார்வை பார்த்து, "இருமலுக்கு. வேளைக்கு ரெண்டு ஸ்பூன்" என்பாள். யாருடைய கையெழுத்தும் அவளிடமிருந்து தப்பாது.

அவள் தலைவரின் மகள். எந்தத் தலைவர் என்று கேட்கக் கூடாது. அந்தக் காலத்தில் தலைவர் என்றால் அவர் ஒருவர்தான், பெயர் சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற நிலைமையே அவருக்கு வந்ததில்லை. மேடையில் அவர் செருமினால் மைதானமே வாயை மூடிக்கொள்ளும். ஊரில் பாதிப் பேர் அவரை அப்பா என்று கூப்பிட்டார்கள், பெற்ற அப்பனை ‘யோவ்’ என்று கூப்பிடுகிறவன்கூட. இந்தப் பெருமையெல்லாம் சேர்ந்து அவளுக்குக் கொடுத்தது என்ன என்றால், மருந்து வாங்க வருகிறவர்களின் கோரிக்கைதான். "அப்பாகிட்ட நமக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று மனுவை ஜன்னல் வழியாகத் திணிப்பார்கள். அவரோடு ஒரு வார்த்தை பேச அவளே வாரக்கணக்கில் காத்திருந்தாள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தலைவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் வாழ்ந்த வீட்டை நினைவு இல்லமாக மாற்றிவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நினைவு இல்லத்தின் பொறுப்பாளர் ஒரு காலையில் நோயாளிகளோடு வரிசையில் நின்று மூன்றாவது ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார். தலை நரைத்த மனிதர். வாலிபத்தில் தலைவர் வீட்டுக் கடித அறையில் எழுத்தராகச் சேர்ந்தவர், அப்போதிருந்தே இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, எல்லாம் முடிஞ்சுது. கண்ணாடி, பேனா, செருப்பு, எல்லாம் வெச்சாச்சு. ஒரே ஒரு பெட்டி மட்டும் காலியா நிக்குது."

"என்ன பெட்டி?"

"‘மகளுக்கு எழுதிய கடிதம்’னு மேல பலகைகூட எழுதியாச்சு. ஒண்ணு குடுங்க போதும். நாலு வரி இருந்தாக்கூடப் பரவாயில்ல."

"தேடிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டாள். தேடுவதற்கு ஒன்றுமே இல்லை. அப்பா அவளுக்கு நாலு வரி என்ன, ஒரு வரி எழுதியதில்லை. வாழ்நாள் முழுக்க அவள் அவரிடம் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். பதவி வேண்டாம், வீடு வேண்டாம், அவர் கைப்பட ஒரு கடிதம். அது கிடைக்காமலே அவர் போய்விட்டார். ஐம்பத்திரண்டு வயதிலும் அவளுக்கு அந்த ஆசை போகவில்லை.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. தலைவர் எழுதியதாக ஊர் ஊராகச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கடிதங்களில் பாதிக்கு மேல் எழுதியது அவள்தான்.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டின் முன் அறைதான் கடித அறை. மூன்று மேஜை, சுவரோரம் சாக்கு சாக்காகத் தபால், பசை வாடை. அதை நடத்தியவரை அவள் தபால் மாமா என்பாள். பள்ளியில் மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தை வாங்கிவரச் சொன்னார்கள். அப்பா சுற்றுப்பயணத்தில் இருந்தார். இல்லாத நாளில் தொண்டர்கள் நடுவில் இருந்தார். இரண்டும் ஒன்றுதான். காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், அவர் கசக்கி எறிந்த பேச்சுக் குறிப்புகளைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி, பார்த்துப் பார்த்து எழுதிப் பழகி, கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாள். வாத்தியாருக்குச் சந்தேகம் வரவில்லை. தபால் மாமா மட்டும் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"அடிப்பாவி" என்றார். "ரெண்டு வரி எழுது பாப்போம்."

எழுதினாள். மனிதர் திட்டவில்லை. அடுத்த நாள் ஒரு கட்டுத் தபாலைக் கொண்டுவந்து அவள் தலையில் கட்டிவிட்டார்.

கடித அறையில் ஒரு முறை இருந்தது. கல்யாணப் பத்திரிகை வந்தால் அச்சடித்த வாழ்த்து. மனு வந்தால் தட்டச்சில் பதில். வீட்டில் யாராவது செத்துப்போனார்கள் என்று எழுதியிருந்தால் மட்டும் கையால் எழுத வேண்டும். துக்கக் கட்டு என்று அதற்குப் பெயர். அழுகிறவனுக்கு அச்சடித்த அட்டை அனுப்பினால் அடுத்த தேர்தலில் தெரியும் என்பது தலைவரின் கணக்கு. கையால் எழுத அவருக்கு நேரம் கிடையாது, மகளுக்கு இருந்தது. அதனால் பன்னிரண்டு வயதுப் பெண், முன்பின் தெரியாதவர்களின் சாவுக்கெல்லாம் உட்கார்ந்து ஆறுதல் சொன்னாள். முதலில் தபால் மாமா சொன்னதை எழுதினாள். பிறகு அவளுக்கே வார்த்தை வந்தது. பெண்டாட்டியை இழந்த ஒரு லாரி டிரைவருக்கு, ‘அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், நான் கேட்டதாகப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்’ என்று எழுதினாள். அந்த ஆள் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் பயணம் செய்து வந்து, வாசலில் நின்று தலைவரைக் கும்பிட்டு ஓவென்று அழுதார். தலைவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகளுக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்த டிரைவர் மேல் பொறாமையாகவும் இருந்தது.

ஒரு முறை சாப்பாட்டு மேஜையில் கடிதம் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு அப்பா, "நானே எழுதின மாதிரி இருக்கேய்யா!" என்று தபால் மாமாவின் தோளில் தட்டினார். மாமா அவளைக் கைகாட்ட வாயைத் திறந்தார். அதற்குள் தொலைபேசி மணி அடித்துவிட்டது. அவள் அம்மா மட்டும் மகளின் விரலில் இருந்த மைக்கறையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்த வீட்டில் அவளைப் பார்த்தது அம்மா ஒருத்திதான்.

அவள் மருந்தியல் படிக்க வெளியூர் போனபோது, துக்கக் கட்டுக்கு ஆள் வேண்டுமே என்று ஒரு வாலிபனைச் சேர்த்தார்கள். இன்றைய பொறுப்பாளர்தான். அவளே ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதிரிகள் எழுதிக் கொடுத்தாள்: தாய் இறந்தால் இப்படி, பிள்ளை இறந்தால் இப்படி. இவருக்கும் கை நன்றாக வந்தது. என்ன, சுழி மட்டும் கொஞ்சம் பெரிதாக விழும்.

இரண்டாம் வருஷம் அம்மா செத்துப்போனாள். மூன்றே நாள் காய்ச்சல். தேர்தல் நேரம் என்பதால் அப்பா ஐந்தாம் நாளே பிரச்சாரத்துக்குக் கிளம்பிவிட்டார். வீடு முழுக்க மாலையும் கட்சிக்காரர்களும். அந்தக் கூட்டத்தில் அப்பாவும் மகளும் தனியாக உட்கார்ந்து அழ ஒரு நிமிஷம் வாய்க்கவில்லை. விடுதிக்குத் திரும்பிப் போனவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். முடியாமல் ஒரு நாள் எழுதினாள். ‘அன்புள்ள அப்பா, அம்மா போனதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள். இப்படிக்கு, உங்கள் மகள்.’ அப்பாவுக்கு எழுதுகிறவள் பெயர் எதற்குப் போடப்போகிறாள்? விடுதி முகவரியும் அறை எண்ணும் மட்டும் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. உறையின் மேல் அப்பாவின் எழுத்து. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தாள்.

‘அன்புடையீர், தங்கள் அன்னையார் மறைந்த செய்தி அறிந்து கலங்கினேன். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். என்னைத் தங்கள் குடும்பத்தில் ஒருவனாக எண்ணிக்கொள்ளுங்கள்.’

அத்தனையும் அவள் நோட்டுப் புத்தகத்தில் இருந்த வரிகள். அவளே பதிமூன்று வயதில் யோசித்து யோசித்து எழுதியவை. கடித அறைக்கு நாளொன்றுக்கு நூறு ‘அன்புள்ள அப்பா’ வரும், நூறு ‘உங்கள் மகள்’ வரும். அதில் ஒன்று நிஜம் என்று புது எழுத்தருக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் யோசித்து அவரை மன்னிக்க அவளால் முடிந்தது. அன்றைக்கு இல்லை, அன்றைக்குக் கட்டிலில் குப்புற விழுந்து தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

விடுமுறைக்கு வந்தபோது தபால் மாமாவிடம் சொன்னாள். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுத்தர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மாமா நேரே தலைவர் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். தலைவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நம்ம ஆபீஸ் எவ்வளவு கறாரா வேலை செய்யுது பாருங்கய்யா! என் மகளுக்கே அனுதாபக் கடிதம் அனுப்பியிருக்காங்க!"

அறையே சிரித்தது. பிறகு அவர், "சரி சரி, நான் எழுதறேன்னு புள்ளைகிட்ட சொல்லு" என்றார்.

எழுதறேன். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் முப்பது வருஷம் ஓட்டினாள். அவள் கல்யாணத்துக்கு அப்பா இருபது நிமிஷம் தாமதமாக வந்து, எதிர்க்கட்சியைத் திட்டி நாற்பது நிமிஷம் பேசிவிட்டுப் போனார். மாப்பிள்ளை கணக்கு வாத்தியார், பொறுமைசாலி. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கை வேலையைப் போட்டுவிட்டு அவள் வாசலுக்குப் போவதை வருஷக்கணக்கில் பார்த்தும் ஏன் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கடைசியில் அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது, முதலில் செயலிழந்தது வலது கைதான். மருத்துவமனைக் கட்டிலில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி வராது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

ஒரு வாரம் கழித்துப் பொறுப்பாளர் மறுபடி வந்தார். இந்த முறை மதிய இடைவேளையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் அவளுடைய சின்ன மேஜைக்கு.

"கிடைச்சுதாக்கா?"

"இல்ல. இருந்தாத்தானே கிடைக்கும். அவர் எனக்கு எழுதினதே இல்ல."

வெளியே சொன்னது இதுதான் முதல் தடவை. பொறுப்பாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார். "தப்பா நெனைக்காதீங்க. நீங்களே ஒண்ணு எழுதிடுங்களேன். உங்க கைக்கு வராததா?"

"ஊருக்கெல்லாம் எழுதினேன். எனக்கும் நானேதான் எழுதிக்கணுமா?"

குரல் அவளை மீறி உயர்ந்துவிட்டது. நான்காவது ஜன்னல்காரர் திரும்பிப் பார்த்தார். பொறுப்பாளர் எழுந்தார். கதவுவரை போய் நின்று, "அன்னிக்கு நான் பண்ணின தப்பு அது, அக்கா. இன்னிவரைக்கும் மனசு ஆறல" என்றார்.

திறப்பு விழா அன்று மேடைக்குக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். நான்கு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரிடமும் சொல்லாமல் போய், பொதுமக்களோடு வரிசையில் நின்று உள்ளே நுழைந்தாள். அவள் மதிப்பெண் அட்டையில் கள்ளக் கையெழுத்துப் போட்ட அறையில் இப்போது சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. மக்கள் பேனாவைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். கடைசிப் பெட்டியின் முன்னால் மட்டும் வரிசை தேங்கி நின்றது. ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மக மேல எவ்வளவு உசிரா இருந்திருக்காரு பாரேன். குடுத்து வெச்சவ" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

பெட்டி காலியாக இல்லை. பழுப்பேறிய காகிதத்தில் ஒரு கடிதம். சுழிகள் கொஞ்சம் பெரிதாக விழுந்திருந்தன. யார் எழுதியது என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். கண் கேட்கவில்லை.

‘மகளே, உன் கடிதம் என் கைக்கு வந்து சேரவே நெடுநாள் ஆகிவிட்டது. தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் வரவில்லை. ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொன்னாய். நான் அன்றைக்கே கிளம்பி வந்திருக்க வேண்டும். மைதானத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள், உனக்கு நான் ஒருவன்தான் இருந்தேன் என்பது...’

"நகருங்கம்மா. பின்னால ஆளுங்க நிக்கறாங்க" என்றான் காவலாளி. அவள் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. கூட்டம் தள்ளியதில் வெளிவாசலுக்கு வந்துவிட்டாள்.

வெயிலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது பொய் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. பொறுப்பாளருக்குச் சொல்லி அனுப்பினால் பெட்டியைத் திறந்து கையிலேயே கொடுத்துவிடுவார், அதுவும் தெரியும். ஆனால் கேட்டு வாங்கினால் அது பொறுப்பாளர் எழுதியதாகிவிடும், பெட்டிக்குள் இருக்கிறவரைதான் அது அப்பா எழுதியது. வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டிருந்தது. அதன் வாலில் போய் நின்றுகொண்டாள்.

முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். "இப்பத்தானேம்மா உள்ள போயிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க" என்றாள். "பாதிதான் படிச்சேன்."