பெயர் மாறிய நாட்டின் கல்லறை

கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டும் ஒரு கல்தச்சருக்கு அரசாணை வந்தது. நாட்டின் பெயர் மாறிவிட்டது. போரில் மாண்டவர்களின் கற்களிலும் மாற்ற வேண்டும். பழைய பெயர் என்றோ கரையிறங்கிய அந்நிய மாலுமிகள் இட்டது. அவர்கள் மொழியில் 'கழிமுகம்' என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. புதியதோ மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் வாயால் வழங்கியது. 'நம் நிலம்' என்று பொருள். மாற்றம் நியாயம் என்றே அவரும் எண்ணினார். நாற்பது கற்களை முடித்தார். எஞ்சியது மகனுடைய கல்.

"அந்தப் பேரைச் சொல்லித்தானே புள்ளைய கூட்டிட்டுப் போனாங்க? அதையும் எடுத்துட்டா, எதுக்காகச் செத்தான்னு கேக்கறவங்களுக்கு என்னத்தைச் சொல்றது?" என்று மனைவி வாசலை மறித்தாள்.

அவர் விலகிக்கொண்டு நடந்தார்.

வெட்டிய எழுத்தை அழிக்க வேறு வழி கிடையாது. அந்த வரி முழுவதையும் எழுத்தின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். நாட்டின் பெயருக்கு ஒரு விரற்கடை மேலே மகனின் பெயர் இருந்தது.

"அண்ணே, இதை நான் பாத்துக்கறேன். நீங்க போய் டீ குடிங்க" என்றான் உடன் வேலை செய்பவன்.

"உன் கை யானைக் கை, தம்பி. நாட்டோட சேத்து என் புள்ளையையும் தேச்சுடுவே."

மகன் பெயரை இடக்கையால் பொத்திக்கொண்டு, அவரே தேய்க்கத் தொடங்கினார்.