அக்காவுக்குப் போன செக்ரோல்

மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் ஃபைலைத் திறந்தேன். உள்ளே ஒரு கடிதம் இருந்தது.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தக் கடிதத்தை ஆறு நாளைக்கு முன்பே நான் தபாலில் சேர்த்திருந்தேன். ஹட்டன் தபால் கந்தோரில் முத்திரை ஒட்டி, பெட்டிக்குள் போட்டு, அது விழுந்த சத்தத்தைக் கேட்டபிறகுதான் நகர்ந்தேன். அவ்வளவு கவனம்!

அப்படியானால் கவருக்குள் போனது என்ன?

அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்து வாசகர்களுக்குப் பெரட்டு தெரியும். மற்றவர்களுக்காக: காலையில் தொழிலாளர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். செய்த வேலை செக்ரோல் என்ற வரவுப் பதிவு இடாப்பில் ஏறும். முழுநாள் வேலைக்கு ஒரு பேர். பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.

எங்கள் பெரட்டு நடப்பது மலையில் அல்ல. ஹட்டனில், நிஸாமின் துணிக்கடைக்கு மேல்மாடியில், துணிப் பொதிகளுக்கு நடுவில். ஞாயிறு தோறும் பத்து மணிக்கு நாங்கள் நான்கு பேர் கூடுவோம். (பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். தேடிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.)

கடைக்கார நிஸாம் மூன்று வருடமாக ஒரு தபால் மூலப் படிப்பைத் தொடங்கிக்கொண்டே இருப்பவர். வதனி டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். திருத்தாத பரீட்சைத் தாள்களைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு கட்டிலுக்கு மேலே தூங்க முடியாமல் கிடப்பவர். சாந்தி தையல்காரர். பிறந்தபோது வீட்டார் வைத்த ஆண் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு சாந்தியானவர். பிளவுஸ் வெட்டுவதில் ஊரிலேயே கெட்டிக்காரி. ஆனால் ஹூக் தைக்க மாட்டார். அடுத்த பிளவுஸை வெட்டப் போய்விடுவார்.

நான்காவது ஆள் நான். சிங்களச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. ஒரு வாக்கியத்தின் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன் என்றால், அரைமணி நேரம் கழித்து பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். ஏன் வந்தேன் என்பது எனக்கே தெரியாது. தண்ணீரும் குடித்திருக்க மாட்டேன்.

நான்கு பேருக்கும் இந்தத் தலைதான் ஒரு பொருத்தம். சோம்பேறி, பொறுப்பில்லாதவர் என்று ஊரில் வாங்கிய பட்டங்கள் நால்வருக்கும் ஒன்றே. இன்னொரு பொருத்தமும் உண்டு. வீட்டார் கைகாட்டிய பக்கம் எங்கள் யாருடைய மனசும் போகவில்லை. வதனி டீச்சருக்குப் பெண்ணைத்தான் பிடிக்கும். நிஸாமுக்கும் எனக்கும் ஆணைத்தான் பிடிக்கும். (எங்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கும் என்று கற்பனை செய்யாதீர்கள். அவருடைய குறட்டையை மத்தியானத்திலேயே கேட்டிருக்கிறேன்.)

'எப்போது கல்யாணச் சாப்பாடு?' என்று எழுதிக் கேட்கும் வாசகர்களே... பதில் கிடைத்துவிட்டதல்லவா? புனைபெயரில் எழுதுவதில் எனக்கு உள்ள ஒரே சௌகரியம் இதுதான்.

பெரட்டைக் கண்டுபிடித்தது சாந்தி. தைக்கக் கொடுத்த காற்சட்டையை வாங்கப் போன என்னை ஒருநாள் உட்காரச் சொன்னார். சும்மா இருந்தால் போதும், பக்கத்தில் ஆள் இருந்தால் கை தானாக ஓடுகிறது என்றார். கையில் இருந்த சுற்றறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் அவர் ஆறு பிளவுஸுக்கு ஹூக் தைத்துவிட்டார். நான் சுற்றறிக்கையை முடித்துவிட்டேன். யாரும் யாருக்கும் உதவி செய்யவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போனால் அவர் பார்ப்பாரே என்ற வெட்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அவரும் அப்படியேதானாம்.

நெட் கஃபேயில் தேடிப் பார்த்த வதனி டீச்சர் ஒரு செய்தியோடு வந்தார். வெளிநாட்டில் இதற்கு 'பாடி டபுள்' என்று பெயராம். ஒன்றில் நிலைக்காத எங்கள் தலைக்கும் ஏதோ நான்கு இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறதாம்.

"இவ்வளவு நாளும் எனக்குக் கொழுப்பு எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன்," என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் அழுதார்.

எங்கள் சட்டம் சுலபமானது. பத்து மணிக்கு ஒவ்வொருவரும் எழுந்து நின்று இன்று எந்த வேலை என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டுக்கு நிறுவை. செய்ததை எடுத்துக் காட்ட வேண்டும். ஆளுக்கொரு செக்ரோல் தாள். அந்தத் தாள்களுக்குக் கோடு போட்டவன் நான். மூன்று கலரில், அடிமட்டம் வைத்து, இரண்டு ஞாயிறு முழுக்கப் போட்டேன். அந்த இரண்டு ஞாயிறும் வேறு வேலை எதுவும் செய்யவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அது வதனி டீச்சரின் சிவப்புப் பேனாவுக்கு.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன்.

என் அக்கா திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கொழுந்து எடுப்பவர். எங்களுக்குப் பெற்றோர் இல்லாமல் போனபோது, தான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னை அனுப்பியவர். அவர் எனக்கு ராகலையில் ஒரு பெண் பார்த்திருந்தார். முன்பள்ளி ஆசிரியை. ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போய் வேண்டாம் என்றிருக்கிறார்கள். மூன்றாவதாக நானும் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வேண்டாம் என்றால்? வரிசை வீடுகளான அந்த லயம் முழுக்க அந்தப் பிள்ளையைத்தான் பேசும்.

ஆகவே, பெண் பார்க்கும் நாளுக்கு முன்னால் அக்காவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டு போனில் கூப்பிட்டுச் சொல்கிற விஷயமா இது? நேரில் சொல்ல இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பெரட்டில் எழுந்து நின்று அறிவித்தேன்: இன்றைய வேலை, அக்காவுக்குக் கடிதம்.

பதினொரு ஞாயிறு அப்படி அறிவித்தேன். பன்னிரண்டாவது ஞாயிறு கடிதம் முடிந்தது. இரண்டு பக்கம்! முதன்முறையாக முழுப்பேர். நிஸாம் கீழேயிருந்து கவர் கொண்டுவந்து கொடுத்தார். விலாசத்தை முத்து முத்தாக எழுதினேன். மூன்றாக மடித்து, உள்ளே வைத்து, பசை தடவி...

மூன்றாக மடித்த தாள்கள் என் ஃபைலில் இரண்டு விதம் இருந்தன. ஒன்று கடிதம். இன்னொன்று என் செக்ரோல்.

புரிந்துவிட்டதா?

ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் சத்தம் கேட்டது. நிஸாமின் தலை தெரிந்தது. அவருக்குப் பின்னால் என் அக்கா.

கையில் அந்தத் தாள். என் அறைக்குப் போய், பக்கத்து வீட்டில் விசாரித்து, கடையைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தாளை விரித்து எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தார். எல்லார் முன்னாலும்.

"அக்காவுக்குக் கடிதம். பேர் இல்லை. குறிப்பு, பென்சில் சீவினார். அக்காவுக்குக் கடிதம். அரைப்பேர். 'அன்புள்ள அக்கா' வரை வந்தார். அக்காவுக்குக் கடிதம். பேர் இல்லை. ஜன்னலைப் பார்த்தார். அக்காவுக்குக் கடிதம். பேர் இல்லை. நிஸாமின் அலுமாரியை அடுக்கிக் கொடுத்தார், யாரும் கேட்கவில்லை..."

பதினொன்றையும் வாசித்தார். வதனி டீச்சர் பரீட்சைத் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் எங்கே புதைப்பது?

"பதினோரு வாரமா எழுத முடியாத அளவுக்கு என்னா விசயம் தம்பி?" அக்கா தாளை மடித்தார். "பெரிய சீக்கு எதும் வந்திருச்சான்னு நெனச்சு ஓடியாந்தேன். மறைக்காம சொல்லிரு."

அந்த நிமிடம் எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. நகைச்சுவையாகச் சொல்லவில்லை. நான் பென்சில் சீவிக்கொண்டிருந்ததற்கு, அந்த மனுஷி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

வாய் வரவில்லை. ஃபைலில் இருந்த கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

இப்போதுதான் அக்கா உட்கார்ந்தார். இரண்டு பக்கத்தையும் பொறுமையாக வாசித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"மழைய பத்தி எழுதியிருக்க. வேல கஷ்டம்னு எழுதியிருக்க. கல்யாணம் எல்லாருக்கும் ஒத்து வராதுன்னு எழுதியிருக்க. தம்பி, ஈரத்த கழிச்சு நிறுத்தா இதுல கொழுந்தே இல்லியே."

நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர் என்று கழிப்பது தராசடியில் வழக்கம். இருபது வருடமாகத் தன் கூடையில் கழித்ததைப் பார்த்தவர், என் கடிதத்தை ஒரே பார்வையில் நிறுத்துவிட்டார். முழுப்பேர் வாங்கிய கடிதம்! வதனி டீச்சர் தலை நிமிரவே இல்லை.

அக்கா புதுத் தாள் ஒன்றை என் முன்னால் தள்ளினார்.

"வாயில வரலன்னா எழுது. நா இங்கயே ஒக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. சாந்தியின் கூடையிலிருந்து ஒரு பிளவுஸை எடுத்து, கேட்காமலே ஹூக் தைக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் சாந்தியின் தையல் மெஷின் ஓடியது. நிஸாம் புத்தகத்தைத் திறந்தார். 

நான் நான்கு வரி எழுதினேன். 'அக்கா, எனக்குப் பெண்கள்மேல் அந்த ஆசை வராது. ஆண்கள்மேல்தான் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தப் பிள்ளையை ஏமாற்ற வேண்டாம், என்னையும் விட்டுவிட வேண்டாம்.'

பதினொரு வாரம் வராதது... அவர் மூன்றாவது ஹூக்கை முடிப்பதற்குள் வந்துவிட்டது.

அக்கா வாசித்தார். ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.  பிறகு சொன்னார்:

"எனக்கு இது வெளங்கல. வெளங்க நாளாகும். ஆனா நீ சாகப் போறன்னு நெனச்சு வந்தவ நான்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ராகலைக்கு நா போயி சொல்றேன். கொற எங்க பக்கம்னு சொல்றேன்."

குறை என்ற சொல் குத்தியது. இன்னும் குத்துகிறது. ஆனால் அன்றைக்கு அவர் கையில் இருந்த சொல் அதுதான். அதையும் தன் தலையில் போட்டுக்கொள்ளத்தான் எடுத்தார்.

எழுந்தவர் என் செக்ரோலை எடுத்து, பன்னிரண்டாவது ஞாயிறுக்கு நேரே இருந்த பேரை அடித்துவிட்டு அரைப்பேர் ஆக்கினார். மீதி அரை எங்கே என்று கேட்டேன்.

"ராகலைக்கு நீயும் வரணும். தனியா போயி நின்னா எனக்கு வாய் வராது. நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா பக்கத்துல ஒக்காந்திரு."

நெட் கஃபேக்கே போகாமல் என் அக்கா பாடி டபுளைப் புரிந்துகொண்டுவிட்டார். எங்களுக்கு அதற்கு ஆறு மாதம் ஆனது.

அடுத்த ஞாயிறு பெரட்டுக்கு லீவு போட்டுவிட்டு, நுவரெலியாவில் அக்காவோடு சேர்ந்து ராகலை பஸ் ஏறினேன். அந்த வீட்டில் வாசலோரம் நாற்காலி போட்டார்கள். அக்கா மெதுவாகப் பேசுகிற ஆள். அன்றைக்கு லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும்படி பேசினார். குறை எங்கள் பக்கம், உங்கள் பிள்ளையை நாங்கள் பார்க்கவும் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, என் தம்பிக்குக் கல்யாணமே சரிவராது, தங்கமான பிள்ளைக்கு வேறு நல்ல இடம் அமையும். இதையே இரண்டு தடவை சொன்னார். பக்கத்துக் கதவுகளில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெண்ணின் அம்மாவுக்குக் கோபம். நியாயமான கோபம். அந்தப் பிள்ளை உள்ளே இருந்து வந்து என்னை ஒரு தடவை நேராகப் பார்த்தது. அது வெறுப்பா, நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

"தம்பி ஒண்ணுமே பேச மாட்டாரா?" என்று அம்மா அக்காவைக் கேட்டார்.

"அவரு வந்த வேலய செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காரு," என்றார் அக்கா.

உண்மைதான். என் காலுக்கு எழுந்து ஓட வேண்டும். என் கண்ணுக்குச் சுவரில் தொங்கிய நான்கு நாட்காட்டிகளிலும் எது எந்த வருடத்தது என்று பார்க்க வேண்டும். இரண்டையும் பிடித்து வைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு கஷ்டமான வேலையை நான் வாழ்நாளில் செய்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா கைப்பையைத் திறந்து என் செக்ரோலை எடுத்தார். என் சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்தார். பஸ் குலுங்கக் குலுங்க, கோணல் மாணலாக, பதினான்காவது ஞாயிறுக்கு நேரே ஒரு முழுப்பேர் போட்டார். குறிப்புக் கட்டத்தில் மட்டும் ஏதோ யோசித்து யோசித்து எழுதினார்.

வாங்கிப் பார்த்தேன்.

'சன்னலை பாக்கவில்லை.'