நாற்பத்தோராம் பக்கத்தில் கொறற்றி

கொறற்றியைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. அவள் காரியத்தைக் கெடுத்தவனே நான்தான். ஆனால் எங்கள் ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை அளக்கிறார்கள். அமெரிக்கன் காட்டிக்கொடுத்தானாம், பாதர் காட்டிக்கொடுத்தாராம். மண்ணாங்கட்டி! நடந்தது என்னவென்று நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜெர்மனியில் ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்கு வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் எங்கள் ஊர். சோளக்காடு, பன்றிப் பண்ணை, நடுவில் ஒரு கத்தோலிக்கக் கோயில், ஆறு தமிழ்க் குடும்பங்கள். அந்தக் கோயிலை இருபத்திரண்டு வருடமாகக் கூட்டித் துடைப்பவள் கொறற்றி. புருசன் செத்துவிட்டான். ஒரே மகள் மிதுசா கல்யாணம் முடித்து ரொறன்ரோவில் இருக்கிறாள்.

கோயில் அலுவலகத்தில் ஓர் இரும்பு அலுமாரி. அதற்குள் முன்னூறு வருடத்து ஞானஸ்நான, கல்யாண, மரணப் பதிவுப் புத்தகங்கள். அந்தப் பழைய கையெழுத்தை இந்தக் காலத்து ஜெர்மன்காரனுக்கே வாசிக்க ஏலாது. கொறற்றி வாசிப்பாள். தூசி தட்டப் போனவள், சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் பார்த்துப் பார்த்து ஒரு மாரி காலம் முழுக்கக் குந்தியிருந்து பழகிக்கொண்டாள். எவருக்கும் சொல்லவில்லை. பாதர் ஒரு நாள் தற்செயலாகக் கண்டு வாயைப் பிளந்தார்.

அது எதற்கு உதவியது என்றால், ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் எங்கள் ஊரில் பாதிப் பேர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிருக்கிறார்கள். ஐயோவாவில் ஹார்லோ கவுண்டி என்று ஒரு சோளக்காட்டு மாவட்டம். அங்கே முதலில் குடியேறிய முப்பது குடும்பமும் இங்கேயிருந்து போனவை. அவர்களுடைய பேரப்பிள்ளை பூட்டப்பிள்ளை வழியில் வந்தவர்கள் ஒவ்வொரு கோடையும் அரைக் காற்சட்டையோடு வந்து இறங்கி, எங்கள் வேர் எங்கே என்று கேட்பார்கள். பாதர் அவர்களைக் கொறற்றியிடம் அனுப்புவார். அவளுக்கு இங்கிலிஷ் வராது. ஆகவே என்னைக் கூப்பிடுவார்கள். நான் யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் இங்கிலிஷ் வாத்தியார், இங்கே முப்பது வருடம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவினவன். யாராவது என்னுடைய இங்கிலிஷைக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்த ஆள். அந்தக் கொழுப்புத்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

இனி கொறற்றியின் பாட்டைச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சனம் எல்லாம் ஜெர்மன் பாஸ்போட் எடுத்து முடிந்த பிறகும் அவள் அகதிப் பாஸ்போட்டோடுதான் இருந்தாள். ஏன் என்று கேட்டால், "எனக்கென்னத்துக்கு அண்ணை" என்பாள். மூன்று வருடத்துக்கு முன் மிதுசாவின் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. தாய்க்காரி பக்கத்தில் இல்லை. கனடாக்காரன் விசாவை இரண்டு தரம் மறுத்துவிட்டான். அதற்குப் பிறகுதான், ஜெர்மன் பாஸ்போட் இருந்தால் விசா தேவையில்லை என்று போய்க் குடியுரிமைக்கு அன்றாக், அதாவது விண்ணப்பம், போட்டாள். மிதுசாவுக்கு மறுபடி பிள்ளை தங்கி, ஆவணியில் பேறு என்று டொக்டர் சொன்னார். குடியுரிமைப் பத்திரத்தைக் கையில் தரும் நாள், அந்த டெர்மின், ஆனி பன்னிரண்டு. ஆடியில் பாஸ்போட், ஆடிக் கடைசியில் ரொறன்ரோ. அவள் உயிர் இருந்தது அந்தக் கணக்கில்தான்.

அதற்கு முந்தின கோடையில் டேல் போர்க்மன் வந்தான். சோள விதை விற்று ஓய்வெடுத்த ஆள், நல்லவன், சத்தமாகச் சிரிப்பான். ஹார்லோ கவுண்டியின் நூற்றெழுபத்தைந்தாம் ஆண்டுக்குச் சரித்திரப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தான். அந்தக் கவுண்டியை நிறுவிய பேர்ன்ஹார்ட் போர்க்மன் அவனுடைய பூட்டனுக்கும் தகப்பன். ஞானஸ்நானப் பதிவு கிடைத்துவிட்டது, 1819. ஆனால் மற்ற வயதுக் கணக்கொன்றும் பொருந்தவில்லை. இருபது வருடமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறானாம்.

கொறற்றி ஞானஸ்நானப் புத்தகத்தைத் தொடவேயில்லை. நேரே மரணப் புத்தகத்தை எடுத்தாள். கால் மணி நேரம் விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இஞ்சை இருக்கிறார் அண்ணை. பேர்ன்ஹார்ட் ஏழு வயசில செத்துப்போனார். காய்ச்சல்."

டேலின் முகம் செத்துவிட்டது. அப்படியானால் அமெரிக்காவுக்குப் போனவன் யார்? அவள் இன்னும் இரண்டு புத்தகத்தைப் புரட்டினாள். பேர்ன்ஹார்ட்டுக்கு ஒரு தம்பி, ஜோசப், ஐந்து வயது இளையவன். அவனுக்கு இங்கே கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. கப்பல் ஏறிய வருடம் அவனுக்கு இருபத்திரண்டு வயது, பட்டாளத்துக்குப் பிடிக்கும் வயது. செத்த தமையனின் பத்திரப்படி இருபத்தேழு, பட்டாளத்துக்குத் தப்பின வயது. தமையனின் ஞானஸ்நானப் பத்திரத்தைக் காட்டி எல்லையைக் கடந்திருக்கிறான்.

டேல் கதிரையில் தொப்பென்று இருந்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். அரசனுக்கே தண்ணி காட்டியிருக்கிறான் எங்கட கிழவன், என்று மேசையில் அடித்தான். இருபது வருடமாக எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது, மரணப் புத்தகத்தைப் பார்க்க வேண்டுமென்று எப்படித் தோன்றியது என்று கேட்டான். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அவள் புத்தகத்தை மூடித் துணியால் துடைத்துக்கொண்டே, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள். "நானும் அப்பிடித்தானே வந்தனான், அண்ணை. அக்கா பிளோறன்ஸ் மூண்டு வயசில செத்தவ. என்ர பத்திரம் வீட்டோட எரிஞ்சு போச்சு. அக்கான்ர பத்திரம் மாமி வீட்டில கிடந்தது. எனக்கு அப்பப் பதினேழு. தாய் தேப்பன் இல்லாமல் பாஸ்போட் எடுக்க ஏலாது, அக்கான்ர வயசெண்டால் ஏலும் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன்."

நாற்பது வருடப் பழக்கத்தில் எனக்கு அது புதுச் செய்தி. ஜெர்மன்காரர் அவளைப் பிளோறன்ஸ் என்பார்கள், நாங்கள் கொறற்றி என்போம். வீட்டுப் பெயராக்கும் என்று இருந்துவிட்டோம்.

என்ன சொன்னாள் என்று டேல் கேட்டான். எனக்கு நாக்கில் சனி. வாத்தியார் புத்தி. ஒரு சொல் விடாமல், இலக்கணம் பிசகாமல், நல்ல இங்கிலிஷில் எடுத்து வைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இங்கிலிஷ் வராவிட்டாலும் பிளோறன்ஸ் என்ற பெயர் காதில் விழும்தானே. டேல் எழும்பி அவளைக் கட்டிப்பிடித்து, நீயும் எங்கள் குடும்பம்தான் என்றான். படம் எடுத்தான். அவளும் சிரித்துக்கொண்டு நின்றாள். பாவி, நான் அவனிடம் "இதை எழுதாதே" என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னுடைய உச்சரிப்பை அவன் புகழ்ந்துகொண்டிருந்தான்.

பங்குனியில் புத்தகம் தபாலில் வந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் அவள் படம். கீழே, கவுண்டியை நிறுவியவரின் ரகசியத்தை அதே வழியால் வந்த ஒரு பெண்ணே கண்டுபிடித்தார் என்று போட்டு, நான் மொழிபெயர்த்த வசனமும் அப்படியே. பாதருக்குப் பெருமை பிடிபடவில்லை. உள்ளூர்ப் பேப்பருக்குக் கொடுத்தார், அவர்கள் அதை ஜெர்மனில் போட்டார்கள். அந்த மனுசருக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. ஐயோ என்று நான் ஓடிப்போனபோது பேப்பர் ஊரெல்லாம் போய்விட்டது.

வைகாசியில் அரசாங்கக் கடிதம். டெர்மின் ரத்து. அடையாளம் பற்றி விளக்கம் தர வரவும். நான் கூடப் போனேன், வெளியே இருந்தேன். வந்து அவள் சொன்னது இதுதான்: விசாரித்த பெண் அதிகாரி கத்தவில்லை, ஏசவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தாளாம். நாற்பத்தோராம் பக்கத்தின் பிரதியை மேசையில் வைத்திருந்தாளாம். என்னுடைய வசனத்தின்மேல் மஞ்சள் கோடு.

"உண்மை பொய் எண்டு கேட்டா. உண்மை எண்டு சொல்லிப்போட்டன்."

அன்றாக் தள்ளுபடி. பொய்த் தகவல் கொடுத்ததற்கு வழக்கு. அகதிப் பாஸ்போட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொறற்றி என்று நிரூபித்தால் பார்க்கலாம் என்றார்கள். இலங்கையில் அவளுடைய ஊர்க் கோயிலுக்கு எழுதினோம். கொறற்றி பிறந்த வருடத்துப் புத்தகம் சண்டையில் எரிந்துவிட்டதாம். பிளோறன்ஸ் பிறந்த புத்தகம் பத்திரமாக இருக்கிறதாம், வேண்டுமானால் நகல் அனுப்புகிறோம் என்றார்கள். அறுந்து போவார்!

மிதுசாவுக்குப் பேப்பர்ச் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்தது. பிள்ளைத்தாய்ச்சி, தாயோடு கோபித்துக்கொண்டு போனில் கேட்டாளாம், "அப்ப என்ர பிறப்புப் பத்திரத்தில இருக்கிற அம்மா ஆர்?" ஆவணி பத்தொன்பதில் பெண் பிள்ளை பிறந்தது. மருமகன் படம் அனுப்பினான். அவள் அதை வெள்ளிக்கிழமை கோயில் துடைக்கும்போது என்னிடம் காட்டினாள். மிதுசா இன்னும் பேசுவதில்லை.

புரட்டாதியில் ஹார்லோ கவுண்டியில் சிலை திறந்தார்கள். டேல் எனக்கு ஈமெயில் போட்டான், அவளுக்கு வாசித்துச் சொல்லச் சொல்லி. கல்லில் பேர்ன்ஹார்ட் என்றே வெட்டிவிட்டார்களாம். அந்தப் பெயரோடு நாற்பது வருடம் உழைத்தவனுக்கு அதுதானே பெயர், சனத்துக்கும் அந்தக் கள்ளன் கதை நன்றாகப் பிடித்துப்போயிற்று, பள்ளிக்கூடத்தில் நாடகமே போடுகிறார்கள். அவளையும் பெரிய விருந்தாளியாகக் கூப்பிட வேண்டுமென்று கவுண்டி தீர்மானித்திருக்கிறது, எப்போது வருவாள்? அந்த அக்காவின் பத்திரத்தை மியூசியத்தில் வைக்க ஒரு படம் அனுப்ப முடியுமா?

டேல் எழுதியிருக்கிறான் என்று போனோடு கோயிலுக்குப் போனேன். கொறற்றி வாளியைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள்.

"என்னவாம் அண்ணை?"

நான் போனை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டேன். "ஒண்டுமில்லைப் பிள்ளை. சும்மா சுகம் விசாரிச்சு எழுதியிருக்கிறான்."

அவள் என் முகத்தையும் சட்டைப் பையையும் பார்த்தாள்.

"இப்பதான் விஜயண்ணை, உங்களுக்கு மொழிபெயர்க்கத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாங்கு வரிசைக்குப் போனாள்.