சித்தி சொல்லாமல் விட்ட ஐந்து மாதம்

என் சித்தியின் வலது கையில் மூன்று விரல்களுக்கு இப்போது உணர்ச்சி சரியாக இல்லை. அந்தப் பழியில் ஒரு பங்கு என்னுடையது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அந்தப் பெருமை இன்றும் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் நடந்ததை அதை வைத்து மூடவும் முடியாது.

சித்தி மரத்தில் பொம்மை அறுப்பவர். பிள்ளைகள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்து விளையாடுகிற யானை, குதிரை, ஆமை. அதற்கான மிஷினுக்கு ஸ்க்ரோல் சா என்று பெயர். வீட்டில் எல்லோருக்கும் அது அறுப்பு மிஷின். தையல் ஊசி மாதிரி மெல்லிய பிளேடு ஒன்று மேலும் கீழும் ஓடும். மரத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நேர்க்கோடு யார் வேண்டுமானாலும் அறுக்கலாம், யானையின் காதை அறுக்கத்தான் ஆள் வேண்டும். வேலை கொடுக்கும் கடைக்காரர் அவரை 'வளைவம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

கல்லூரி நான்கு வருடமும் நான் சித்தி வீட்டில்தான் தங்கிப் படித்தேன். பக்கத்து அறையில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். இந்த அறையில் நான் அதிர்வு பற்றிய பாடத்தை நெட்டுரு போட்டுக்கொண்டிருப்பேன். எழுந்து போய் அந்த மிஷினை ஒரு தடவை உற்றுப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

நான் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, அவர்கள் மாடியில் ஒற்றை அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டுக்கு மாறினார்கள். வளைந்து ஏறும் இரும்புப் படி. மிஷினின் வார்ப்பிரும்பு அடிப்பாகம் மட்டும் இரண்டு ஆள் கனம். வேன் ஓட்டும் சித்தப்பா படியடியில் நின்று யோசித்தார். "மிஷினையும் ஏத்தணும், இவளையும் ஏத்தணும். ரெண்டுல எதப் பிரிக்கலாம்?" என்று கேட்டாராம். "என்னைப் பிரிச்சா திரும்ப மாட்டத் தெரியாது உங்களுக்கு" என்றாராம் சித்தி. அப்படித்தான் அடிப்பாகம் கழன்றது. அதை மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டு, வெல்டிங் பட்டறையில் மெல்லிய குழாயில் ஒரு ஸ்டாண்ட் அடித்து, அதன் நான்கு காலுக்கும் சக்கரம் வைத்தார்கள். பகலில் மிஷின் நடு அறையில் நிற்கும். படுக்கும்போது ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயை விரிக்க வேண்டுமே.

மிஷின் ஆட ஆரம்பித்தது. ஓடும்போதே சக்கரத்தில் நகர்ந்து போனது. சித்தி ஒரு முழங்காலால் அதைச் சுவரோடு முட்டுக் கொடுத்துக்கொண்டு அறுத்தார். கீழ்வீட்டுக்காரர் இரண்டே நாளில் மேலே வந்து, குடும்பம் நடத்துகிறீர்களா இல்லை ரயில் ஓட்டுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அலமாரியில் அவர் வீட்டுத் தட்டெல்லாம் தாளம் போடுகிறதாம். இன்னொரு முறை வந்தால் வீட்டு உரிமையாளரோடுதான் வருவேன் என்றாராம்.

சித்தி எனக்கு போன் செய்தார். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து இறங்கினேன், பையில் நான்கு பெரிய ரப்பர் கட்டைகளோடு. எங்கள் தொழிற்சாலையில் பம்ப் மோட்டாருக்கு அடியில் வைப்பது. சக்கரங்களைக் கழற்றிவிட்டு ரப்பரை மாட்டினேன். மிஷினை ஓடவிட்டுக் கீழே போய்க் கேட்டேன். கீழ்வீட்டுக்காரர் அலமாரிக் கண்ணாடியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சித்தப்பா என்னைத் தெருமுனைக்கு அழைத்துப் போய் நான்கு பேரிடம் அறிமுகப்படுத்தினார்.

மேலே மிஷின் எப்படி ஓடுகிறது என்று நான் கை வைத்துப் பார்க்கவில்லை. தவறு அங்கேதான்.

ரப்பர் அதிர்வைத் தரைக்குப் போகவிடாது, அது உண்மை. ஆனால் மேலே இருப்பது கனமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும். எடையில்லாத மிஷினை மெத்தென்ற ரப்பரில் நிறுத்தினால், கீழே போகாத ஆட்டம் முழுக்க மிஷினுக்குள்ளேயே நிற்கும். இன்னும் மோசம், ஒவ்வொரு மிஷினுக்கும் அது பேயாட்டம் ஆடுகிற வேகம் ஒன்று உண்டு. என் ரப்பர் அந்த வேகத்தை இறக்கி, சித்தி வளைவு அறுக்கிற நிதான வேகத்திலேயே கொண்டு வந்து வைத்துவிட்டது. கீழ்வீட்டுத் தட்டுகள் அமைதியாயின. சித்தியின் கை தாளம் போட ஆரம்பித்தது.

ஐந்து மாதம் கழித்து விடுப்பில் வந்தேன். சித்தி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குதிரைத் துண்டு ஒன்றை உப்புக்காகிதத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். குதிரையின் வயிற்றில் சிவப்பாக ஏதோ. சாயம் என்று நினைத்தேன், பிறகுதான் அது ரத்தம் என்று தெரிந்தது. வலது ஆள்காட்டி விரலில் நன்றாகவே வெட்டியிருந்தது. "சித்தி, கை" என்றேன். அவர் முதலில் இடது கையைப் பார்த்தார்.

துணியைச் சுற்றிவிட்டு விசாரித்தேன். காலையில் விரல் வெளுத்துப் போகிறதாம், வெந்நீரில் வைத்தால் சரியாகிறதாம். ஜாக்கெட் கொக்கி மாட்ட நேரமாகிறதாம். எத்தனை நாளாக என்றால், நீ வந்துவிட்டுப் போனதிலிருந்துதான் கூடுதல் என்று வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னார்.

"ஏன் சித்தி சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீ படிச்சுட்டு வந்து வச்சது. கீழ்வீட்டுக்காரரே நல்லாருக்குன்னுட்டாரு. எனக்குத்தான் பிடிக்கத் தெரியலன்னு நெனச்சு இன்னும் இறுக்கிப் பிடிச்சேன்."

இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கத்தான் அதிர்வு எலும்புவரை ஏறும். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சித்தப்பா அன்று ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

நரம்பு டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக ஊசிமுனையால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். மூன்றில் தப்பு. மூன்று மாதம் மிஷினைத் தொடக்கூடாது, அதற்குப் பிறகு ஆடாத மிஷின் என்றால் ஒரு நாளைக்கு அரை மணி, உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். எது என்று இப்போதே சொல்ல முடியாதாம். சித்தி தலையாட்டிவிட்டு, யானை ஆர்டரை யாரிடம் கொடுப்பது என்று என்னிடம் கேட்டார்.

நான் மிஷினை முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். அதைச் செய்தவர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். பிளேடு மேலே போகும்போது எதிரே கீழிறங்கும் எடைக்கட்டி ஒன்று. பிளேடை மேலும் கீழும் பிடித்திருக்கும் மிஷினின் இரண்டு கைகளும் ஒரே சமமாக அசைகிற அமைப்பு. மோட்டாருக்கும் அந்தக் கைகளுக்கும் நடுவே குட்டையான இணைப்பு, தளர்ச்சி இல்லாமல். கடைசியாக, எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ள அந்த வார்ப்பிரும்புக் கனம், அடியில் விரிந்த கால்கள். கனத்தைச் சித்தப்பா படிக்குக் கீழே போட்டார், மிச்சத்தை நான் கெடுத்தேன்.

அடிப்பாகத்தின் மேல் யாரோ பூந்தொட்டி வைத்திருந்தார்கள். தொட்டியை எடுத்துவிட்டு, கயிறு கட்டி, நானும் சித்தப்பாவும் வேன் ஸ்டாண்டிலிருந்து வந்த இரண்டு பேருமாகப் படிப்படியாக ஏற்றினோம். கீழ்வீட்டுக்காரர் தானாகவே வந்து பின்னால் தோள் கொடுத்தார். சுவரோரமாக நிறுத்தி, கெட்டியான மெல்லிய ரப்பரை மட்டும் இடையில் வைத்து, தரையில் போல்ட் அடித்து முறுக்கினேன். இனி மிஷின் நகராது. அதனால் சித்தப்பாவின் பாய் சமையல்கட்டு வாசலுக்குப் போனது.

மூன்று மாதம் முடிந்த அன்று எல்லோரும் இருந்தோம். ஓடவிட்டேன். மரம் வைத்து அறுக்கும் அதன் மேசையில் நிரம்பிய டம்ளரை வைத்தேன், தண்ணீர் சிலிர்க்கவில்லை. சித்தி உள்ளங்கையை மேசைமேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"மிஷின் நின்னுடுச்சா, இல்ல எனக்குத்தான் தெரியலையா?"

கையை எடுத்துவிட்டு, முழங்கையின் உள்பக்கத்தை மேசையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அங்கே தோலுக்கு நன்றாகத் தெரியும். வைத்தார். மெல்லிய முனகல்தான் இருக்கிறது, ஆட்டம் இல்லை என்றார். "அப்ப மிஷின் சரியாயிடுச்சு" என்றார், மிஷினைப் பற்றி மட்டும்.

பிறகு ஒரு ஆமையை அறுத்தார். பழைய வேகம் இல்லை. முன்பெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பவர், இப்போது மூக்கு மரத்தில் படுகிற மாதிரி குனிந்து, பென்சில் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. ஒரு ஆமைக்கு இருபது நிமிடம். கோட்டில் கச்சிதமாக நின்றிருந்தது. துண்டை எடுத்து விரலால் ஓரத்தைத் தடவினார், நிறுத்தினார், மறுபடி தடவினார். சித்தப்பாவிடம் நீட்டினார். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கைக்கு என்ன தெரியும் என்று அவர் என்னைக் கைகாட்டினார்.

"நீ தடவிப் பாருடா. பிசிறு இருந்தா இருக்குன்னு சொல்லு. எனக்காக நல்லாருக்குன்னு சொல்லாத."

தடவினேன். "இருக்கு சித்தி. பின்னங்கால்கிட்ட."

அவர் உப்புக்காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார்.