வானகரத்து ஹீட்டர்

என் காரின் ஹீட்டர் பிரமாதமாக வேலை செய்கிறது என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை, காரில் ஏறிய உறவினர்களுக்கெல்லாம் செய்தும் காட்டினேன். சென்னை வானகரம் சிக்னலில், மே மாத மத்தியானத்தில், ஏசியை அணைத்துவிட்டுக் குமிழை நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருகுவேன். அனல் அடிக்கும். "பழைய வண்டிதான். ஆனா ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்" என்பேன். உறவினர்கள் கழுத்தைத் துடைத்தபடி ஒப்புக்கொள்வார்கள். அடித்தது வானகரத்து வெயில்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. நான் நிறையப் படிப்பவன்.

உண்மை போன டிசம்பரில் கோத்தகிரி மலைப்பாதையில் தெரிந்தது. அங்கே என் மனைவியின் அக்கா தனியாக இருக்கிறார். மனைவிக்குக் குளிர் ஆகாது, வீசிங் வந்துவிடும். "நம்ம வண்டியில ஹீட்டர் இருக்கு" என்று தைரியம் சொல்லி அழைத்துப் போனேன். நாலைந்து வளைவு ஏறியதும் குமிழைச் சிவப்புக்குத் திருகினேன். தேயிலைத் தோட்டத்துக் காற்று ஈரம்கூடக் குறையாமல் அவள் முகத்தில் வந்து அறைந்தது. காற்றை நிறுத்தினால் கண்ணாடியில் பனி படிந்து பாதை தெரியவில்லை. திறந்தால் அவளுக்கு மூச்சு வரவில்லை. வண்டியைத் திருப்பினேன். மேலே அக்கா சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்த பிறகு அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி மூச்சு விட முடியாமல், இன்னொருத்தி அழுகையை அடக்கிக்கொண்டு.

இந்த வருடம் அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன். "ஒரு பத்து நாள் வந்து இருக்கமுடியுமாடி?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். மறுமுறை கேட்கவில்லை. அதுதான் என் மனைவியைத் தின்றது. அம்பத்தூரில் புதிதாக ஒரு டாக்டரைப் பார்த்தோம். இன்ஹேலரை மாற்றிக் கொடுத்து, குளிர்காற்று முகத்தில் படவே கூடாது என்றார்.

"ஹீட்டரை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"எது, அந்த வானகரத்து ஹீட்டரா?" என்றாள்.

வேலப்பன்சாவடியில் என் மெக்கானிக்கின் ஷெட். என்னிடம் வருவதற்கு முன்பிருந்தே இந்தக் கார் அவர் கையில்தான். விஷயத்தைச் சொன்னதும் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

"இன்னா சார், மெட்ராஸ்ல குந்திகினு ஹீட்டரு கேக்குற? ஒடம்பு நல்லா கீதா?"

"ஹீட்டர் வேலை செய்யலை."

"எப்டி செய்யும்? நான்தான மூடி வெச்சேன். பழைய ஓனர் கீறப்பவே டேஷ்போர்டு அடியில தண்ணி சொட்டுச்சு. இந்த ஊர்ல எவன் ஹீட்டரு போடப்போறான்னு மூடிட்டேன். நீயும் இத்தினி வருசமா கேக்கலியே."

கேட்டிருக்கலாம்தான். உறவினர்களுக்குச் செய்து காட்டுவதிலேயே நேரம் போய்விட்டது.

பானெட்டைத் திறந்து காட்டினார். எஞ்சினில் சூடாகும் தண்ணீர் ஒரு ரப்பர் ஓஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குப் போய், காற்றைச் சூடாக்கிவிட்டு, இன்னொரு ஓஸ் வழியாகத் திரும்ப வேண்டும். அவர் இரண்டு ஓஸையும் வெளியிலேயே கோத்துவிட்டிருந்தார். போன தண்ணீர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடும்.

மாலைக்குள் இணைத்துக் கொடுத்தார். ஆனால் இந்த ஊரில் ஹீட்டரை எப்படிச் சோதிப்பது? எல்லாமே சூடு. வீட்டிலிருந்து ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து காற்று வரும் துவாரத்தில் வைத்தேன். நூற்றொன்று காட்டியது. மனிதனென்றால் லீவு போடலாம். கோத்தகிரிக்குப் போதாது.

"உள்ள வேற என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். கோத்த இடத்தை முழுக்கப் பிரிக்காமல், நடுவில் 'டி' மாதிரி ஒரு துண்டைப் போட்டு, பழைய குறுக்கு வழியையும் திறந்தே வைத்திருந்தார்.

"மதுரவாயல் பைபாஸ் இருக்கும்போது எந்த லாரி ஊருக்குள்ள போகும்?" என்றேன். "தண்ணி மட்டும் போகுமா?"

"அது தெரியும் சார். பாதி போனா போதும்னு உட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "அந்த ரேடியேட்டரு பழசு. ஒழுவுனது ஒருவாட்டி. முழு தண்ணியும் உட்டு, மலை மேல புட்டுக்கிச்சுன்னா? கொதிக்கிற தண்ணி. அக்கா கால்ல ஊத்தும் சார்."

அக்கா என்றது என் மனைவியை. ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் அவருடைய சர்க்கரை அளவை விசாரிப்பவள் அவள். திட்டுவதற்காக நான் தயாரித்துக்கொண்டு வந்திருந்த வாக்கியம் நல்ல இலக்கணத்தோடு வீணாகப் போனது.

"அப்ப உள்ள இருக்கறதை வெளிய எடுத்துப் பார்த்துடலாமா?" என்றேன்.

"டேஷ்போர்ட்ட மொத்தமா கயட்டணும். உன் வண்டி, வண்டி மாறியே இருக்காது."

கழற்றினார். ரேடியேட்டர் கடையில் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கினார்கள். ஓரத்திலிருந்து முத்து முத்தாகக் குமிழி வந்தது. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். அவர் பயந்தது நியாயம்தான். வேறொன்று தேடிப் பிடித்து, அதையும் தொட்டியில் அமுக்கி, குமிழி வராததை இருவரும் குழந்தைகள் மாதிரி குனிந்து பார்த்தோம். அதற்குப் பிறகுதான் 'டி' துண்டைப் பிடுங்கிக் குறுக்கு வழியை அடைத்தார். டேஷ்போர்டைத் திரும்ப மாட்டியபோது இரண்டு திருகாணிகள் மிச்சமாயின. அவற்றைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

தெர்மாமீட்டரை வைத்தேன். எண்களைத் தாண்டி, 'ஹை' என்பதற்கு 'எச்' என்று ஒற்றை எழுத்தைக் காட்டிவிட்டு அது கைவிரித்தது.

இந்த டிசம்பரில் ஏறினோம். போன முறை திரும்பிய வளைவில் நான் பேச்சை நிறுத்திவிட்டு அவள் மூச்சைக் கேட்டேன். வீசிங் சத்தமே இல்லை. கண்ணாடி தெளிவாக இருந்தது. வளைவுக்கு வளைவு அவள் கால்பக்கம் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. "ரோட்டைப் பாருங்க" என்றாள்.

அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். தங்கை இறங்கி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் விடவில்லை. நான் பெட்டிகளை இறக்குவதுபோல காருக்குள்ளேயே குனிந்துகொண்டிருந்தேன்.

பிறகு சமையலறையிலிருந்து குரல் கேட்டது. "இந்தப் பனியில வீசிங் இல்லாம எப்படிடி வந்த?" என்றார் அக்கா. நான் கூடத்தில் நாற்காலியை ஓசைப்படாமல் அந்தப் பக்கம் நகர்த்தினேன்.

"புது டாக்டர்தான்க்கா. அவர் மருந்து நல்லா கேக்குது" என்றாள் என் மனைவி. "கார்லதான் ஒரே வேக்காடு."