தையலைத் திருப்பிப் பார்ப்பவள்

ஐந்தோவன் நகரத்துக் கடைகளில் ஆண்களின் உள்ளாடை ஒட்டிய அட்டைப் பெட்டிக்குள் இருக்கும். மேலே ஒரு படம், ஓர் அளவு, அவ்வளவுதான். துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது, எலாஸ்டிக்கை இழுத்துப் பார்க்க முடியாது. நெதர்லாந்துக்கு வந்த புதிதில், கொட்டும் மழையில் சைக்கிள் மிதிக்கும் எழுபது வயதுப் பெண்களைப் பார்க்கக்கூட இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டேன். இந்தப் பெட்டிதான் பழகவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒருவரும் இப்படி வாங்க மாட்டார்கள். பிரித்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்து, இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்த பிறகுதான் வேண்டும், வேண்டாம் என்பார்கள். ஒரு பெண் இதையெல்லாம் எழுதுகிறாளே என்று ஊரில் சிலர் முகம் சுளிக்கலாம். என் அத்தா பனியன் ஜட்டி விற்றுத்தான் எங்களை வளர்த்தார். அதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்கள் கடை பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு கதவு. அண்ணன் அஷ்ரப் பத்து வயதிலேயே அந்தக் கதவைத் தாண்டிக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றான். நான் பின்பக்கம் நின்றேன். ஜட்டி வாங்க ஆண்கள் வரும் கடையில் பெண்பிள்ளை நிற்கக் கூடாது என்பதை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதுகூட இல்லை, அவ்வளவு உறுதியான விதி அது. ஆனால் திரும்பி வந்த சரக்கெல்லாம் என் அறைக்குத்தான் வரும். ஒரு துவையலில் தையல் விட்டது, தொடையில் கடித்தது, சுருண்டு மேலே ஏறியது என்று ஆட்கள் கொண்டுவந்து போட்டதையெல்லாம் வகை பிரித்துக் கட்டித் திருப்பூருக்கு அனுப்புவது என் வேலை. பள்ளி விட்டு வந்ததும் ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, எங்கே தவறு என்று பார்ப்பேன். தையல் தடித்து நிற்கிறதா, கால் நீளம் போதவில்லையா, துணி தொளதொளவென்று இருக்கிறதா. விற்றுப்போன நல்ல சரக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கெட்டுப்போனதைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை. அத்தாவும் அண்ணனும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே ஒருவர் நின்றார். வெள்ளிமலைப் பேருந்தில் வந்து இறங்கியவர், இரண்டு காலையும் அகட்டி வைத்து நின்ற விதத்திலேயே தொடை உரசிப் புண்ணானது எனக்குப் புரிந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு கடைக்குள் போனேன். நாள் முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும் சுமை தூக்கி நடக்கிறவர் என்று சொன்னார். குட்டையான ஜட்டியை எடுக்காமல், தொடையின் பாதிவரை வரும் டிராயரில், தையல் மெலிந்த ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அத்தா வாசலில் நின்றிருந்தார். மறுநாள் காலையில் அந்தக் கதவுக்குக் கடைப் பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் வந்திருந்தது.

பிறகு கல்யாணம், பிறகு இந்த ஊர். என் கணவர் ஜாகிர் திருக்கோவிலூர்க்காரர். இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளர். நாற்பது வயது நெருங்கும்போது சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொல்ல, கால்வாய் ஓரமாக ஓடத் தொடங்கினார். முதலில் அரைமணி நேரம், பிறகு ஒரு மணி, பிறகு உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து மாரத்தானுக்கே பெயர் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில்கூட ஓடாதவர், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று திருக்கோவிலூருக்குப் போன் போட்டுச் சொன்னார். என் மாமியார் யார் துரத்துகிறார்கள் என்று கேட்டாராம்.

ஒரு ஞாயிறு அவர் இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து நேராகக் குளியலறைக்குப் போனார். தண்ணீர் விழுந்ததும் உள்ளிருந்து ஒரு சத்தம். கேட்டதற்கு ஷாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்றார். துவைக்கும் இயந்திரத்தில் துணி போடும்போது பார்த்தேன். அவருடைய காட்டன் ஜட்டியின் இரண்டு தொடை ஓரத்திலும் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் சோபாவில் கால் அகட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதமாகவே இப்படித்தானாம். வாஸ்லின் தடவிப் பார்த்தாராம், பவுடர் போட்டுப் பார்த்தாராம். கட்டிய மனைவியிடம் சொல்லக் கூச்சம்.

“இனிமே ஓடல. பேரக் குடுத்தத வாபஸ் வாங்கிக்கிறேன். இருவதுக்கு மேல என் ஒடம்பு ஒத்துக்கல,” என்றார்.

“ஒடம்பு ஒத்துக்காம இல்லீங்க. ஜட்டிதான் ஒத்துக்கல,” என்றேன்.

ஊரிலிருந்து நான் கட்டிக்கொண்டு வந்த அதே வகைக் காட்டனைத்தான் அவர் போட்டு ஓடிக்கொண்டிருந்தார். காட்டன் நடப்பதற்கும் உட்காருவதற்கும் நல்லது. இரண்டு மணி நேரம் ஓடினால் வியர்வையைக் குடித்துக் கனத்து, ஈரத்தோடு தோலில் ஒட்டிக்கொள்ளும். வியர்வை காய்ந்த உப்பு மணல்போல நிற்கும். கால் பகுதி குட்டையாக இருந்தால் துணி மேலே சுருண்டு, தொடையோடு தொடை நேராகவே உரசும். சுருளாமல் இருந்தாலும், தொடை சேரும் இடத்தில் தையல் நின்றால் அது அரம் மாதிரி அறுக்கும். பெரிய அளவாக வாங்கினால் காற்றோட்டம் இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். தொளதொளப்புதான் முதல் எதிரி. எல்லாம் என் அறையில் வந்து குவிந்த மூட்டைகளிலிருந்து எனக்குத் தெரியும்.

மறுநாள் ஓட்டக்காரர்களுக்கென்றே இருக்கும் ஒரு சிறிய கடைக்குத் தனியாகப் போனேன். கடையை நடத்துபவர் மார்லேன், ஐம்பது வயதுப் பெண், என்னைவிட ஒரு முழம் உயரம். என் அரைகுறை டச்சில் கணவரின் துன்பத்தைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, உங்கள் கணவருக்கு க்ரௌஸில்தான் தொந்தரவா என்றார். மொழி வகுப்பில் க்ரௌஸ் என்றால் சிலுவை என்று படித்திருந்தேன். இல்லை, நாங்கள் முஸ்லிம்கள், எங்களுக்கு அப்படி ஒன்றும் தொந்தரவில்லை என்று மரியாதையாகச் சொன்னேன். மார்லேன் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரிக்காமல், ஒரு பெட்டியைக் கிழித்து, உள்ளே இருந்த ஜட்டியை எடுத்து, இரண்டு காலும் சேரும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். நான்கு தையல் வந்து குறுக்கே வெட்டிக்கொள்ளும் அந்த இடத்துக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் கை தானாக நீண்டு அதை வாங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பியது. ஊரை விட்டு வந்த பிறகு முதன்முறையாக, எனக்குத் தெரிந்த ஒரு பொருள் என் கையில் இருந்தது.

முதலில் வாங்கியது தோற்றது. துணி லேசான பாலியஸ்டர், நீளமும் போதும், தையலும் பட்டையான ஃபிளாட்லாக். ஆனால் அந்தத் தையல் உள்தொடையில் நேராக இறங்கியது. ஜாகிர் ஓட, நான் கால்வாய் ஓரம் சைக்கிளில் பின்னால் போனேன். பதினேழாவது கிலோமீட்டரில் அவர் கால் வைக்கும் விதம் மாறியது. கழுவிக் காயவைத்து அதைக் கடைக்கே எடுத்துப் போனேன், பணத்துக்காக இல்லை, மார்லேனிடம் காட்ட. தையல் மெலிந்திருந்தால் மட்டும் போதாது, தொடையும் தொடையும் சேராத இடத்துக்கு அது நகர வேண்டும், முன்பக்கமாகப் போனால் நல்லது, ஒல்லியான உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சரி, என் கணவர்மாதிரி தொடை பெருத்தவர்களுக்கு ஆகாது என்று பாதி டச்சிலும் பாதி கையசைவிலும் சொன்னேன். மார்லேன் அலமாரியில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் போட்டார். ஏழாவது பெட்டியில் கிடைத்தது. கவட்டில் ஒரே அகலத் துண்டு, தையல் முன்னால் ஒதுங்கிப் போனது. அளவில் ஒன்று குறைத்து எடுத்தேன். புதிதாக அப்படியே போட விடாமல் மூன்று முறை துவைத்து, மூன்று ஞாயிறு ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் மாரத்தானுக்குப் போட அனுமதித்தேன். மாரத்தான் அன்று மழையும் பெய்தது. முடிவுக் கோட்டைத் தாண்டி வந்த ஜாகிர் அழுதார். வலியா என்று கேட்டேன். “இல்ல, ஒரு எடத்துலகூட ஒரசல,” என்றார். பதக்கத்தை என் கழுத்தில் போட்டுவிட்டார்.

அடுத்த மாதம் மார்லேன் கூப்பிட்டனுப்பினார். சனிக்கிழமைகளில் கடையில் நிற்க முடியுமா என்று கேட்டார். எனக்கு மொழி சரியாக வராதே என்றேன். எனக்குத் தையல் சரியாக வராதே என்றார் அவர். அன்றிலிருந்து நான்கு வருடமாக, ஆறடி உயர ஆண்கள் என் முன்னால் நின்று எங்கே உரசுகிறது என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். நான் கூச்சமில்லாமல் கேட்கிறேன். வீட்டுக்கு இதை எழுதவில்லை. துணிக்கடையில் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது, ஜாகிருக்குக் கல்வராயன் மலைப்பாதையில் ஓடிப்பார்க்க ஆசை. காலை ஆறு மணிக்குக் கோமுகி அணையிலிருந்து கிளம்பினார். அண்ணன் ஸ்கூட்டர் ஓட்ட, தண்ணீரோடு நான் பின்னால். மூன்றாவது வளைவில் நான்கு பேர் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வடக்கனந்தல்காரர்கள், வனக்காவலர் வேலைக்கான இருபத்தைந்து கிலோமீட்டர் நடைத்தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறவர்கள். ஒருவர் மட்டும் பின்தங்கிக் காலை அகட்டி வைத்தார். முப்பதைத் தாண்டிய வயதிருக்கும். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

“தொட ஒரசுதா?” என்று கேட்டேன்.

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மலையைப் பார்த்தான். “ஆமாங்கக்கா. மூணு நாளா ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சி,” என்றார் கடைசியில்.

பெயர் மணிவேல். அப்பா அம்மா இருவரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். போன தேர்விலும் கடைசிச் சில கிலோமீட்டரில் இதே புண்ணால்தான் உட்கார்ந்துவிட்டாராம். இதுதான் வயது வரம்புக்குள் அவருக்குக் கடைசித் தடவை. காலில் பலமிருந்தும் ஒரு துணியால் தோற்றதை வெளியே சொல்ல முடியாமல், சுளுக்கு என்று வீட்டில் சொல்லியிருந்தார். சாயங்காலம் கடைக்கு வரச் சொன்னேன்.

நான்கு பேருமே வந்தார்கள். நான் பின்பக்கம் இருந்தேன். அத்தா கல்லாவில் இருந்தார். அண்ணன் என்ன வேண்டும் என்று கேட்க, வெளிநாட்டு அக்கா வரச் சொன்னாங்க என்று மணிவேல் சொன்னது எனக்குக் கேட்டது. அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கதவருகே போய் நின்றேன். கடையில் இருந்த ஜாகிர் அத்தாவிடமும் அண்ணனிடமும் ஐந்தோவன் கடையைப் பற்றி, ஓட்டக்காரர்கள் என் பெயரைக் கேட்டு வருவதைப் பற்றிச் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் வந்தது. அத்தாவே கதவைத் திறந்து நின்றார்.

“நீயே வந்து பாரும்மா. ஓடுறவங்க சமாச்சாரம் எனக்குத் தெரியாது. அவங்க கேக்குறது உன்னத்தான்,” என்றார்.

எங்கள் கடையில் மார்லேன் விற்பதுபோன்ற சரக்கு எதுவும் கிடையாது. இருந்ததை வைத்துப் பார்த்தேன். உடலோடு ஒட்டும் நீள டிராயரில், இழுத்தால் நீளும் லைக்ரா கலந்த ஒன்றை எடுத்து, ஓர் அளவு குறைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கொடுத்தேன். “இத இப்படியே போட்டுக்கினு நடங்க. தையல் வெளிய இருக்கட்டும். புண்ணு ஆறட்டும், அப்புறம் போடுங்க. நாலு தடவ தொவச்சிட்டுப் போடுங்க,” என்றேன். ஒருவர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். அத்தா சிரிக்கவில்லை. ஒரு டிராயரை எடுத்து, மெல்லத் திருப்பி, தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கடை சாத்தும்வரை நான் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். யாரும் என்னை உள்ளே போகச் சொல்லவில்லை.

மணிவேல் நடைத்தேர்வை முடித்துவிட்டார். நேரத்துக்குள் முடித்ததோடு, நிற்காமல் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாராம். வேலை உத்தரவு இன்னும் வரவில்லை. வருமா என்று எனக்குத் தெரியாது. உட்காராமல் நடந்து முடித்ததே போதும் என்று அவரே சொன்னார்.

இப்போது கள்ளக்குறிச்சிக் கடைக்கு வருகிறவர்கள் நெதர்லாந்து டிராயர் கேட்கிறார்கள். திருப்பூரிலிருந்து வந்த அதே சரக்குதான். இங்கே மார்லேனின் கடைக்கு வருகிறவர்கள் இந்தியப் பெண்மணி இருக்கிறாரா என்று கேட்கிறார்கள். போன சனிக்கிழமை கடை நிறைய கூட்டம். என் முன்னால் செம்பட்டைத் தாடி வைத்த ஒருவர், கையில் பிரித்த பெட்டியோடு. அந்த நேரம் பார்த்து அத்தாவே வீடியோவில் கூப்பிட்டார். அவர் இதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. திரையில் அவர் முகத்துக்குப் பின்னால், வடக்கனந்தலிலிருந்து வந்த யாரோ ஒருவர் டிராயரைத் திருப்பிப் பிடித்து நின்றார். “சைஸு கம்மி பண்ணவாம்மா, வாணாமா?” என்று அத்தா கேட்டார். தாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, தன் கையில் இருந்ததையும் அதேபோலத் திருப்பினார். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். எந்த மொழியில் தொடங்குவது என்று ஒரு நொடி எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையையும் நீட்டி, ஒன்றைத் திரையில் இருந்த தையலின் மேலும், ஒன்றைப் பக்கத்தில் இருந்த தையலின் மேலும் வைத்தேன்.